எப்போதிலிருந்து இப்படி?

நினைவு தப்பும் பெரியவரை மருத்துவரிடம் கூட்டிப்போகும் குடும்பம் முதலில் சந்திப்பது இந்தக் கேள்வியைத்தான். "ஆறு மாசமாத்தான் டாக்டர், அதுக்கு முந்தி நல்லாத்தான் இருந்தாங்க" என்பார் மூத்த மகன். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மருமகள் தயங்கித் தயங்கி, "இல்லீங்க, ரெண்டு வருஷம் இருக்கும். குழம்புல உப்பை ரெண்டு தடவை போட ஆரம்பிச்சாங்க" என்பார். வெளியூரிலிருந்து வந்த மகளோ, "அப்பா போனதுக்கு அப்புறம்தான் இப்படி" என்று சொல்வார். அப்பா போய் நாலு வருடம் ஆகியிருக்கும். மருத்துவர் தாளில் ஓர் எண்ணை எழுதியாக வேண்டும். மூன்று பதிலையும் கேட்டுவிட்டு '2 ஆண்டு' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த எண் அந்தத் தாளோடு நின்றுவிடுவதில்லை. நோயாளியின் வயதிலிருந்து அதைக் கழித்தால் 'நோய் தொடங்கிய வயது' வந்துவிடும். அப்படிப்பட்ட ஆயிரம் வயதுகளைச் சேர்த்துத்தான் 'இந்த நோய் சராசரியாக இந்த வயதில் தொடங்குகிறது' என்று ஆய்வேடுகள் எழுதுகின்றன. 65 வயதுக்கு முன் தொடங்கினால் அது 'இளவயது டிமென்ஷியா' என்று தனி வகையாகிறது. மருந்து ஆய்வில் யாரைச் சேர்ப்பது என்பதற்கும், "எனக்கும் வருமா, எப்போது வரும்?" என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்லும் பதிலுக்கும் அடியில் இருப்பது அந்த எண்தான். இவ்வளவு பாரத்தைச் சுமக்கும் எண், மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதிலிருந்து பிறந்தது.

டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோய்க்குப் பெயர் வந்த கதையிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். அவரைப் பரிசோதித்தவர் அலோய்ஸ் அல்சைமர். ரயில்வேயில் எழுத்தராக இருந்த கணவர் சொன்னதெல்லாம் கோப்பில் பதிவானது. அந்த ஆண்டு மார்ச் மாதம் வரை மனைவியிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை. மார்ச்சில் ஒருநாள், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு நீ உலாவப் போனாய் என்று திடீரென்று கணவர்மேல் பழி சுமத்தினார். மறதி அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாதம் கழித்துச் சமையலில் தவறுகள், பணத்தில் கவனக்குறைவு. நெடுங்காலம் காணாமல் போயிருந்த இந்தக் கோப்பு 1995இல் மீண்டும் கிடைத்தது. அதைப் படிக்கும்போது என்னை நிறுத்தியது ஒன்றுதான்: உலகின் முதல் அல்சைமர் நோயாளியின் தொடக்க நாளாகப் பதிவாகியிருப்பது ஒரு சந்தேகச் சண்டை. கணவருக்கு உறைத்தது அது. மனைவி ஒரு பெயரை முதன்முதலாக மறந்து சமாளித்த நாள் எது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

2013இல் அகுஸ்தேயின் மூளைத் திசுவை ஆராய்ந்த குழு ஒன்று, இளவயதிலேயே அல்சைமரைக் கொண்டுவரும் மரபணு மாற்றம் அதில் இருப்பதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு, தாங்கள் தேடியும் அது கிடைக்கவில்லை என்றது. முதல் குழு சொன்னது சரியென்றால், இன்றைய ஆய்வுகள் காட்டும் கணக்குப்படி அவர் மூளையில் மாற்றம் தொடங்கியது ஏறத்தாழ 1880களில். அப்போது அவர் முப்பதுகளில் இருந்த இளம் பெண். ஆக, நோய் எப்போது தொடங்கியது? 1880களிலா, 1901 மார்ச்சிலா, நவம்பரிலா?

மூன்றும் உண்மைதான் என்பது என் எண்ணம். முதலாவது மூளையின் தேதி, இரண்டாவது வீட்டின் தேதி, மூன்றாவது மருத்துவமனையின் தேதி. பால் எந்த நிமிடத்தில் தயிரானது என்று கேட்டால் உறை ஊற்றிய நேரத்தைச் சொல்லலாம், கெட்டியான நேரத்தைச் சொல்லலாம், சட்டியைத் திறந்து பார்த்த நேரத்தையும் சொல்லலாம். எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னால் குழப்பமில்லை. நோய்த் தொடக்கம் பற்றிய ஆய்வுகளில் நேர்ந்த பெரிய பிழைகள் பலவும் இந்த மூன்றில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டதால் வந்தவை.

இப்படி மெல்ல மெல்ல வரும் நோய்களைத் தமிழில் நாட்பட்ட நோய்கள் என்கிறோம். பெயர் வைக்கப்படும்போதே அதன்மேல் நாட்கள் பட்டுப் பழகிவிட்டன என்ற அறிவு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. எத்தனை நாட்கள் என்பதை அளக்கும் வழிகளைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

விழித்திரையைக் கடிகாரமாக்கிய கதை

டிமென்ஷியாவுக்குப் போகுமுன் சர்க்கரை நோயில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் துறையிலேயே மிக அழகான கணக்கு என்று நான் கருதுவது இதைத்தான்.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் சத்தமில்லாமல் நுழைவது. கால் புண் ஆறவில்லை என்று போனபோதோ, வேறு அறுவைக்காக ரத்தம் எடுத்தபோதோதான் பலருக்குத் தெரியவருகிறது. அது உடம்புக்குள் எப்போது வந்தது என்று நோயாளியிடம் கேட்டுப் பயனில்லை. 1992இல் மோரீன் ஹாரிஸும் அவருடைய சகாக்களும் வேறு வழியைப் பிடித்தார்கள். சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்குழாய்களைக் கெடுக்கும். நோயோடு வாழ்ந்த ஆண்டுகள் கூடக் கூட, கண்ணில் பாதிப்பு உள்ளவர்களின் விகிதமும் கூடும். அமெரிக்காவின் தெற்கு விஸ்கான்சின், ஆஸ்திரேலியாவின் மேற்குப்பகுதிக் கிராமங்கள் ஆகிய இரண்டு இடங்களின் விவரங்களை எடுத்து, நோய் கண்டறியப்பட்டு எத்தனை ஆண்டு ஆனவர்களில் எத்தனை சதவீதத்தினருக்குக் கண்ணில் பாதிப்பு என்று வரைபடத்தில் குறித்தார்கள். புள்ளிகள் ஒரு கோட்டில் ஏறின. கண்டறியப்பட்ட நாளிலேயே விஸ்கான்சினில் 20.8 சதவீதத்தினருக்கும் ஆஸ்திரேலியாவில் 9.9 சதவீதத்தினருக்கும் கண் கெடத் தொடங்கியிருந்தது என்று கோடு காட்டியது. கோட்டை அப்படியே பின்னோக்கி நீட்டினால் எங்கே பூச்சியத்தைத் தொடுகிறது? கண்டறிவதற்கு 4 முதல் 7 ஆண்டுகளுக்கு முன். சர்க்கரை வந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் கண்ணில் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், நோய் நுழைந்தது 9 முதல் 12 ஆண்டுகளுக்கு முன்பாக இருக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள்.

நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உடம்பே எழுதிவைத்த குறிப்பைப் படித்து நாளைக் கண்டுபிடிக்கும் முறை இது. குறையும் உண்டு. கோடு நேராகத்தான் போயிருக்கும் என்பது அனுமானம். சர்க்கரை நோய் இல்லாத சிலருக்கும் விழித்திரையில் இதே மாதிரிச் சிறு கறைகள் இருக்கும் என்பதால் கணக்கு கொஞ்சம் நீண்டுவிடும். 'கண்டறியப்பட்ட நாள்' என்பதும் ஊருக்கு ஊர் வேறு. சென்னையில் நடந்த ஆய்வு ஒன்றில், வீடு வீடாகத் தேடிப்போய்ப் புதிதாகக் கண்டறிந்தவர்களில் 5.1 சதவீதத்தினருக்கே கண்பாதிப்பு இருந்தது. தேடிப்போனதால் நோயைச் சீக்கிரம் பிடித்தார்கள் என்பது இந்தக் குறைந்த எண்ணுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவமனையின் தேதியை நோயை விடவும் நம் தேடலே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

ஆண்டியோக்கியாவின் குடும்பங்கள்

டிமென்ஷியாவில் இப்படிப் பின்னோக்கிப் பார்ப்பதற்கு உலகத்துக்கே வழிகாட்டியவர்கள் தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் மலைப்பகுதி மக்கள். ஆண்டியோக்கியா மாநிலத்தின் சில ஊர்களில், நாற்பதைத் தாண்டியதும் நினைவிழந்து போகும் குடும்பங்கள் இருந்தன. ஊரார் அதை 'லா போபேரா', அதாவது மடத்தனம் என்று சொல்லிவந்தார்கள். 1980களில் நரம்பியல் மருத்துவர் ஃபிரான்சிஸ்கோ லோபேரா இந்தக் குடும்பங்களைத் தேடிப்போகத் தொடங்கினார். மாதா கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டி வம்சாவளி வரைந்தார். ஆயுதக்குழுக்கள் நடமாடிய காலத்தில் மலையேறி ரத்த மாதிரி சேகரித்தார். இறந்தவர்களின் மூளையைத் தானமாகத் தரும்படி, துக்கத்தில் இருந்த வீடுகளில் உட்கார்ந்து கேட்டார். 2024இல் அவர் இறக்கும்வரை, நாற்பதாண்டு உழைப்பு அது. ஏறத்தாழ 6000 பேர் கொண்ட ஒரே பெருங்குடும்பம் அது என்றும், அவர்களில் சுமார் 1200 பேர் பிரெசெனிலின்-1 என்ற மரபணுவில் ஒரே எழுத்துப் பிழையைச் சுமக்கிறார்கள் என்றும் தெரியவந்தது. பிழையைப் பெற்றவருக்கு நோய் கிட்டத்தட்ட உறுதி.

கிட்டத்தட்ட உறுதி என்பதுதான் விஞ்ஞானத்துக்கு இதன் கொடூரமான பயன். வேறு எங்கும் நோய் வந்த பிறகு "எப்போது?" என்று திரும்பிப் பார்க்கிறோம். இங்கே வருவதற்கு முன்பிருந்தே கூட நடந்து பார்க்க முடிந்தது. 2011இல் வெளியான ஆய்வு, பிழையைச் சுமந்த 449 பேரின் பதிவுகளை வைத்து ஒரு வரிசையைத் தந்தது. சோதனைத் தாளில் மட்டும் தெரியும் மிக நுண்ணிய சறுக்கல் 35 வயதில். "எனக்கு மறக்கிறது" என்று தானே சொல்லத் தொடங்குவது 38இல். மற்றவர்களுக்கும் தெரியும் லேசான அறிவாற்றல் குறைவு 44இல். டிமென்ஷியா 49இல். மரணம் 59இல். இவையெல்லாம் இடைநிலை வயதுகள். பாதிப் பேருக்கு அந்த வயதுக்கு முன்னும் பாதிப் பேருக்குப் பின்னும் நேர்ந்தது என்று பொருள். ஒரே நோய், ஒரே பிழை, ஒரே பெருங்குடும்பம். ஆனால் 'தொடங்கிய வயது' 35ஆ 49ஆ என்பது எந்தப் படியில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. இடைவெளி 14 ஆண்டுகள்.

இத்தகைய பரம்பரை அல்சைமர் உள்ள குடும்பங்களைப் பல நாடுகளிலும் இணைத்து, செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 2008இல் ஒரு கூட்டாய்வு தொடங்கியது. இன்னும் நோய் வராத 30 வயது மகனிடம் 'தொடக்கத்துக்கு எத்தனை ஆண்டு இருக்கிறது' என்று எப்படிக் கணக்கிடுவது? அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் எளிமையானது: தாய்க்கோ தந்தைக்கோ எந்த வயதில் தொடங்கியதோ அதே வயது. பின்னர் 387 பரம்பரைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும், பெற்றோரின் தொடக்க வயதும் மரபணுப் பிழையின் வகையும் பிள்ளைகளின் தொடக்க வயதோடு வலுவாக ஒத்துப்போயின. அந்த அளவுகோலின்படி 2012இல் வெளிவந்த முடிவு இன்றுவரை இந்தத் துறையின் அடித்தளம். மூளைத் தண்டுவடத் திரவத்தில் அமிலாய்டு புரதத்தின் அளவு மாறத் தொடங்குவது அறிகுறிக்கு 25 ஆண்டுகளுக்கு முன். மூளையில் அமிலாய்டு படிவது ஸ்கேனில் தெரிவது 15 ஆண்டுகளுக்கு முன். நினைவுச் சோதனையில் சரிவு சுமார் 10 ஆண்டுகளுக்கு முன்.

இதைப் படிக்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த 25, 15, 10 எல்லாவற்றுக்கும் பூச்சியப் புள்ளி, எப்போதோ ஒரு குடும்பம் தன் அம்மாவைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ சொன்ன ஒரு வயது. அதிநவீன ஸ்கேனின் காலக்கணக்கும் கடைசியில் ஒரு வீட்டு நினைவில்தான் முளையடித்துக் கட்டப்பட்டிருக்கிறது.

முளையும் அசையும். ஆண்டியோக்கியாவில் பிழையைச் சுமந்த ஒரு பெண்ணுக்கு நாற்பதுகளில் வரவேண்டிய சரிவு எழுபதுகள் வரை வரவில்லை. அவர் மூளையில் அமிலாய்டு நிறைந்திருந்தது, ஆனால் அறிவாற்றல் குலையாமல் நின்றது. ஏபிஓஇ என்ற வேறொரு மரபணுவில் 'கிறைஸ்ட்சர்ச்' எனப்படும் அரிய மாற்றத்தின் இரண்டு பிரதிகள் அவரிடம் இருந்ததை 2019இல் கண்டார்கள். அதே மாற்றத்தின் ஒரு பிரதி மட்டும் உள்ள 27 உறவினர்களைப் பற்றிய ஆய்வு 2024இல் வந்தது. அவர்களுக்கு அறிவாற்றல் குறைவு தொடங்கிய இடைநிலை வயது 52, அது இல்லாத ஒத்த உறவினர்களுக்கு 47. ஐந்து ஆண்டு வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். முதுமையில் டிமென்ஷியா புதிதாக வரும் வீதம் ஏறத்தாழ ஐந்தைந்து வயதுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. எல்லோருக்கும் தொடக்கம் ஐந்து ஆண்டு தள்ளிப்போனால், ஒவ்வொரு வயதிலும் புதிதாக நோய்ப்படுவோர் ஏறத்தாழப் பாதியாகிவிடுவார்கள். பலர் அதைச் சந்திக்காமலே தங்கள் ஆயுளை முடித்திருப்பார்கள்.

பரம்பரைப் பிழை இல்லாத, நம் வீடுகளில் காணும் வழக்கமான அல்சைமருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்ற கேள்விக்குச் சீனாவிலிருந்து 2024இல் பதில் வந்தது. நீண்ட ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் அல்சைமர் வந்த 648 பேரையும் வராத 648 பேரையும் ஒப்பிட்டார்கள். நோய் கண்டறியப்படுவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே தண்டுவடத் திரவத்தின் அமிலாய்டு அளவில் இரு சாராரும் பிரிந்தார்கள். டௌ புரதத்தின் ஒரு வடிவம் 11 ஆண்டுகளுக்கு முன் பிரித்துக் காட்டியது. நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்குவது 8 ஆண்டுகளுக்கு முன். அறிவாற்றல் சரிவு 6 ஆண்டுகளுக்கு முன். ஒரே ஒருமுறை எடுத்த ஸ்கேனிலிருந்து அமிலாய்டு எந்த வயதில் வரம்பைத் தாண்டியிருக்கும் என்று கணிக்கும் 'அமிலாய்டு கடிகாரங்களும்' இப்போது உண்டு. வரம்பைத் தாண்டிய வயது அதிகமாக இருந்தால், அறிகுறி வரும் இடைவெளி குறுகுவதாக அவை காட்டுகின்றன. வயதான மூளைக்குத் தாங்கும் இருப்பு குறைவு என்பது ஒரு விளக்கம்.

ஆனால் பின்னோக்கிப் போகும் இந்தப் பயணத்துக்கு எல்லை எங்கே? ஜெர்மனியின் ஹைகோ பிராக்கும் சகாக்களும் 1 வயது முதல் 100 வயது வரை இறந்த 2332 பேரின் மூளைகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். பிறழ்ந்த டௌ புரதத்தின் சுவடே இல்லாத மூளைகள் பத்துதான். சுவடு இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் டிமென்ஷியா இல்லாமலே வாழ்ந்து முடித்தவர்கள். அந்தச் சுவட்டையே நோய்த் தொடக்கம் என்றால் நம் கல்லூரிப் பிள்ளைகள் பலர் இன்றைக்கே நோயாளிகள். இதை நான் ஏற்க மாட்டேன். உயிர்க்குறியீடு தெரிந்த நாளை நோய் தொடங்கிய நாள் என்று எழுதுவது, நன்றாக வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரின் நல்ல ஆண்டுகளை அவரிடமிருந்து பறிப்பது. அவற்றுக்கு 'மாற்றம் தெரிந்த வயது' என்ற தனிப்பெயர் போதும்.

வீட்டின் தேதி

ஆகவே திரும்பவும் மருமகளிடம் வருவோம். குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்ததைப் பார்த்தவர் அவர். ஆய்வு உலகம் அதிகம் சார்ந்திருப்பதும், குறைவாக மதிப்பதும் அவர் சொல்லும் தேதியைத்தான்.

நினைவில் தேதிகள் நழுவுவதற்கு ஒரு போக்கு உண்டு. பழைய சம்பவங்களை அவை நடந்ததைவிட அண்மையில் நடந்ததாகவே பெரும்பாலும் சொல்கிறோம். எனவே 'இரண்டு வருஷம்' என்பது மூன்றாக இருக்கும் வாய்ப்பே அதிகம். மாமியார் கீழே விழுந்தது, அறுவை சிகிச்சை, வீட்டில் ஒரு சாவு என்று பெரிய நிகழ்ச்சி ஒன்று இருந்தால், தொடக்கம் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். "அப்பா போனதுக்கு அப்புறம்" என்று மகள் சொல்வது அப்படிப்பட்டது. பல வீடுகளில் அம்மாவின் மறதியை அப்பாதான் பக்கத்தில் இருந்து மறைத்துத் தாங்கியிருப்பார். அவர் போனதும் தெரிந்தது, தொடங்கியது அல்ல. 2025இல் 13 ஆய்வுகளைத் தொகுத்து, 30,257 பேரின் விவரங்களோடு லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், முதல் அறிகுறிக்கும் நோய் கண்டறிவதற்கும் சராசரியாக 3.5 ஆண்டு இடைவெளி இருந்தது. இளவயதினருக்கு 4.1 ஆண்டு. அவை உறவினர்கள் சொன்ன தேதிகளிலிருந்து எண்ணப்பட்டவை என்பதால், உண்மை இடைவெளி இன்னும் நீளமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

தேதி தவறினால் என்ன ஆகும் என்பதைச் சிறு கணக்கில் பார்க்கலாம். நினைவைச் சோதிக்கும் 30 மதிப்பெண் தேர்வு ஒன்று 1975 முதல் உலகமெங்கும் புழங்குகிறது. முதல் சந்திப்பில் ஒருவர் 18 வாங்குகிறார். நோய் தொடங்கி 3 ஆண்டு என்றால், இழந்த 12 மதிப்பெண்ணை 3ஆல் வகுத்து, ஆண்டுக்கு 4 வீதம் சரிகிறார் என்று மருத்துவர் கணிப்பார். வேகமான நோய், எச்சரிக்கை தேவை. தொடங்கி 6 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 2 தான். மெதுவான நோய், குடும்பம் நீண்ட பயணத்துக்குத் தயாராக வேண்டும். அதே நோயாளி, அதே மதிப்பெண். மருமகளின் பதில் மட்டும் மாறியது.

யாரைக் கேட்கிறோம் என்பதைப் போலவே என்ன கேட்கிறோம் என்பதும் முக்கியம். இதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே சான்று உண்டு. 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்ற குழுவைத் தொடங்கினார்கள். உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வாழும் வளரும் நாடுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவான ஆய்வே நடக்கிறது என்ற அன்றைய நிலையைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. பல நாடுகளில் அவர்கள் நடத்திய கணக்கெடுப்பில் சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் இருந்தன. 2008இல் வந்த முடிவில், அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் அளவுகோல்படி கிராமப்புற இந்தியாவில் 65 வயதுக்கு மேற்பட்டோரில் டிமென்ஷியா உள்ளவர்கள் 0.3 சதவீதம்தான். கியூபாவிலோ 6.3 சதவீதம். குழு தானே உருவாக்கிய, பல பண்பாடுகளுக்கும் பொருந்தும் அளவுகோலை வைத்தபோது எல்லா இடங்களும் 5.6க்கும் 11.7க்கும் இடையே நெருங்கி வந்தன.

நம் கிராமத்து முதியவர்களின் மூளை மட்டும் தனியாகக் காக்கப்பட்டிருக்கவில்லை. கையேட்டின்படி நோய் என்று சொல்ல, அன்றாட வேலையில் சரிவு ஏற்பட்டதாக வீட்டார் சொல்ல வேண்டும். மருமகள் சமைத்துப்போட, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் வீடு எந்த வேலையையும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்க்காத வேலையில் தவறு நேராது. "வயசானா அப்படித்தானே" என்ற பதிலில் நோயும் மறைகிறது, அதன் தொடக்க தேதியும் மறைகிறது. வங்கி வேலை பார்ப்பவருக்கு 58இல் தெரியும் அதே சரிவு, பேரன் பெயரைச் சொன்னால் போதும் என்ற வாழ்க்கையில் 70இல்தான் தெரியும்.

போதாததற்கு வயதே உறுதியில்லை. இன்று எழுபதைத் தாண்டியவர்கள் பலரின் பிறந்த தேதி, பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்டது. பள்ளிக்கே போகாதவர்களைக் கேட்டால் 60, 65, 70 என்று முழு எண்களாகவே வரும். தனுஷ்கோடிப் புயலின்போது கல்யாணம் ஆகியிருந்ததா, முதல் பிள்ளை பிறந்திருந்ததா என்று கேட்டுத்தான் வயதை நெருங்க வேண்டியிருக்கிறது. கழிக்கப்படும் எண், கழிக்கும் எண் இரண்டுமே ஆடும்போது, மீதியை ஒரு தசமப் புள்ளி சேர்த்து எழுதுவதில் அர்த்தமில்லை.

சத்திரக் கணக்கு

தேதிகளெல்லாம் சரியாகவே கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொண்டாலும், அவற்றைக் கூட்டும் விதத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. கனடாவில் 1991இல் தொடங்கிய பெரும் முதியோர் ஆய்வில் 65 வயதைத் தாண்டிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பார்த்தார்கள். டிமென்ஷியா இருந்தவர்களின் வீட்டாரிடம் எப்போது தொடங்கியது என்று கேட்டு, பிறகு அவர்கள் எவ்வளவு காலம் உயிரோடிருந்தார்கள் என்று கவனித்தார்கள். 821 பேரின் விவரத்தை அப்படியே கூட்டிப் பார்த்தால், தொடக்கத்திலிருந்து மரணம் வரை இடைநிலைக் காலம் 6.6 ஆண்டு. கிறிஸ்டினா வொல்ஃப்சனும் சகாக்களும் 2001இல் இதைத் திருத்தி வெளியிட்டபோது அது 3.3 ஆண்டாகிவிட்டது. சரிபாதி.

எங்கே போனது மீதி? ஊர்ச் சத்திரத்துக்குள் ஒருநாள் நுழைந்து, தங்கியிருப்பவர்களிடம் எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டால், மாதக் கணக்கில் தங்குபவர்களே அதிகம் கண்ணில் படுவார்கள். ஓர் இரவு தங்கிப் போனவர்கள் நேற்றே போயிருப்பார்கள். கணக்கெடுப்பு நாளில் சந்தித்த நோயாளிகளும் அப்படித்தான். நோய் தொடங்கி விரைவில் இறந்தவர்கள் அந்த நாள்வரை இருக்கவில்லை. நீண்டு வாழ்பவர்களை மட்டும் பார்த்து நோயின் நீளத்தை அளந்தார்கள். இந்தச் சாய்வைக் கணிதத்தால் நீக்கியபோதுதான் 3.3 வந்தது. பராமரிப்புக்குச் சேமித்துவைக்கும் குடும்பத்துக்கும், முதியோர் இல்லங்களைத் திட்டமிடும் அரசுக்கும் 6.6க்கும் 3.3க்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

எதிர்த் திசையிலும் ஏமாந்ததுண்டு. தசை விறைத்துத் தேயும் ஒரு பரம்பரை நோய், தலைமுறைக்குத் தலைமுறை இளவயதிலேயே வருவதாக மருத்துவர்கள் கவனித்துவந்தார்கள். 1948இல் லயனல் பென்ரோஸ், அது பார்வைப் பிழை என்று வாதிட்டார். பிள்ளைகளில் இளவயதில் நோய்ப்பட்டவர்கள் மட்டுமே இப்போதைக்கு நம்மிடம் வந்திருக்கிறார்கள், பிந்தி வரப்போகிறவர்கள் இன்னும் நலமாக இருக்கிறார்கள், அதனால்தான் பிள்ளைகளின் சராசரி குறைகிறது என்றார். தர்க்கம் பழுதில்லாதது, பல பத்தாண்டுகள் அதுவே செல்வாக்கோடு இருந்தது. 1992இல் அந்த மரபணு கிடைத்தது. அதில் திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் தொடர் தலைமுறைதோறும் நீள்கிறது, நீள நீள நோய் முந்துகிறது என்று தெரிந்தது. மருத்துவர்கள் கண்டதும் உண்மை, பென்ரோஸ் காட்டிய பொறியும் உண்மை. அந்தப் பொறி இன்றும் பரம்பரை நோய் பற்றிய எல்லாக் கணக்கிலும் காத்திருக்கிறது.

நம்மைப் பற்றி நாமே அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். "மேல்நாட்டுக்காரர்களைவிட நமக்குப் பத்து வருஷம் முன்னாலேயே வந்துவிடுகிறது." 52 நாடுகளில் நடந்த மாரடைப்பு ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் வந்தது. முதல் மாரடைப்பின் சராசரி வயது தெற்காசியாவில் 53.0, மற்ற நாடுகளில் 58.8. புகை, கொழுப்பு, சர்க்கரை முதலியவை இங்கே இளவயதிலேயே சேர்வதே இதற்குப் பெருமளவு காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது மெய்யான அபாயம். ஆனால் நோயாளிகளின் சராசரி வயதை மட்டும் ஒப்பிடும் எந்தக் கணக்கிலும் இன்னொன்றும் கலந்திருக்கும். இளைஞர்கள் நிறைந்த நாட்டில் எந்த நோயை எடுத்தாலும் நோயாளிகளின் சராசரி வயது குறைவாகவே வரும். எண்பது வயதுக்காரர்கள் எண்ணிக்கையே குறைவென்றால் எண்பதில் நோய்ப்படுவோரும் குறைவு. ஒவ்வொரு வயதிலும் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் புதிதாக நோய்ப்படுகிறார்கள் என்று கேட்டால்தான் விடை நேராகும். அதற்கு நோயில்லாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும்.

அப்படிப் பின்தொடர்ந்ததால் தலைகீழான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1985இல் தொடங்கி, லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. உடற்பயிற்சி குறைந்தவர்களுக்கு டிமென்ஷியா அதிகம் வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்லிவந்த நிலையில், இவர்கள் 28 ஆண்டு விவரத்தை 2017இல் பிரித்துப் பார்த்தார்கள். நோய் கண்டறிவதற்கு ஏறத்தாழ 9 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நோயாளிகளின் நடமாட்டம் குறையத் தொடங்கியிருந்தது. குறைந்த நடமாட்டம் நோய்க்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை, நோயின் முதல் விளைவாகவும் இருக்கலாம். தொடக்கத்தைத் தவறான ஆண்டில் குறித்தால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். "அப்பா வாக்கிங் போறதை நிறுத்தினதாலதான் இப்படி ஆயிட்டார்" என்று தன்னையோ அவரையோ நொந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு முடிவையாவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு தேதிகள்

இவ்வளவுக்கும் பிறகு மருத்துவரின் தாளில் என்ன எழுதுவது? ஒரு தேதியைக் கேட்காமல் இரண்டைக் கேட்கலாம் என்பேன். கடைசியாக எப்போது இவர் ஒரு கடினமான வேலையை யார் துணையும் இல்லாமல் செய்தார்? அதே மாதிரி வேலையில் முதலில் எப்போது தடுமாறினார்? இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொடக்கம் இருக்கிறது. அதை ஒற்றைப் புள்ளியாகச் சுருக்கத் தேவையில்லை. இடைவெளிகளை இடைவெளிகளாகவே எடுத்துக்கொண்டு வயதுப் பரவலைக் கணிக்கும் முறையைப் புரூஸ் டர்ன்புல் 1976இலேயே தந்துவிட்டார். கணிதம் தயாராக இருக்கிறது, படிவத்தில்தான் இரண்டாவது கட்டம் இல்லை.

நம் மக்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே வரும். ஆண்டைச் சொல்லத் தெரியாதவர்களும் சம்பவத்தைச் சொல்வார்கள். சுனாமி, சென்னை வெள்ளம், நோட்டு செல்லாமல் போனது, ஊரடங்கு என்று வீட்டுக்கு வீடு ஒரு நாட்காட்டி இருக்கிறது. அவற்றில் சில தாமாகவே தேர்வுகளும்கூட. உப்பு இரண்டு தடவை விழுந்ததைக் கண்ட அந்த மருமகளிடம், "நோட்டு மாத்த பாங்குக்கு யாரும்மா போனது?" என்று கேட்டுப் பாருங்கள். "அவங்களேதாங்க. ரெண்டு நாள் வரிசையில நின்னு, ஃபாரம் எழுதி, எண்ணி வாங்கிட்டு வந்தாங்க." அது 2016 நவம்பர். "சீட்டுப் பணம் கட்டினாங்களா?" "ஊரடங்குக்கு முந்தின பொங்கல் வரைக்கும் கட்டினாங்க. அந்தப் பொங்கலுக்குத்தான் ஒரே மாசத்துக்கு ரெண்டு தடவை கட்டிட்டு வந்தாங்க. நான் யார்கிட்டயும் சொல்லலை." அது 2020 ஜனவரி. மருத்துவர் இரண்டு கட்டத்திலும் எழுதுகிறார். மூத்த மகன் அப்போதுதான் மனைவியின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்.